நிலையான பதிப்பா, புதிய பதிப்பா: பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால்

எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் பின்கதவு ஒன்று புதைக்கப்பட்டிருந்தது என்ற செய்தி 2024 மார்ச் 29 அன்று வெளியானபோது, என் மேசையில் இரண்டு டெர்மினல்கள் திறந்திருந்தன. ஒன்று என் சொந்த மடிக்கணினி. அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 'சிட்' கிளை, அதாவது புதிய பேக்கேஜ்கள் முதன்முதலில் வந்து இறங்கும் கிளை, ஓடிக்கொண்டிருந்தது. மற்றொன்று நான் பராமரிக்கும் சர்வர். அது டெபியன் 12, அன்றைய நிலையான பதிப்பு. இரண்டிலும் ஒரே கட்டளையைக் கொடுத்து எக்ஸ்இசட்டின் பதிப்பு எண்ணைக் கேட்டேன். சர்வர் 5.4.1 என்றது. மடிக்கணினி 5.6.1 என்றது. பின்கதவு இருந்தவை 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெளியீடுகள்தாம்.

மடிக்கணினியில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் ஓடவில்லை என்பதால் அந்தப் பின்கதவுக்கு நுழைய வழி இருக்கவில்லை. ஆனாலும் அன்றிரவே வட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். சிட் கிளையில் மாற்றாக வந்த பேக்கேஜின் எண் 5.6.1+ரியலி5.4.5-1 என்று இருந்தது. எண் பின்னோக்கிப் போனால் பேக்கேஜ் மேலாளர் அதை மேம்பாடாக ஏற்காது என்பதால், 'பெயருக்கு 5.6.1, உள்ளே இருப்பது 5.4.5' என்று எண்ணிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பதிப்பு எண்ணுக்கும் உள்ளே இருக்கும் நிரலுக்கும் இடையே உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று நண்பர்கள் பலரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: பழையதே பாதுகாப்பு, புதியதன் பின்னால் ஓடுவது வீண் வம்பு. எனக்கும் அந்த முடிவு சில வாரங்கள் பிடித்திருந்தது. பிறகு அதை ஒவ்வொரு சம்பவமாக உரசிப் பார்த்தபோது, அது பாதிதான் உண்மை என்று தெரிந்தது.

முதலில் அந்தச் சொல்லையே பார்க்க வேண்டும். 'ஸ்டேபிள்' என்பதை நாம் 'நிலையான' என்று எழுதுகிறோம். தமிழில் நிலையானது என்றால் அசையாதது என்றும் பொருள், உறுதியானது, நம்பத்தக்கது என்றும் பொருள். இயங்குதளம் வெளியிடுகிறவர்கள் சொல்வது முதல் பொருளை மட்டும்தான். டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பதிப்பை வெளியிடுகிறது. வெளியிட்ட நாளில் ஒவ்வொரு பேக்கேஜும் எந்த எண்ணில் இருந்ததோ, பெரும்பாலும் அந்த எண்ணிலேயே அந்தப் பதிப்பின் ஆயுள் முழுவதும் இருக்கும். 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12, ஓபன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் மென்பொருளின் 9.2-ஐக் கொண்டு வந்தது. இன்றும் அதில் இருப்பது 9.2-தான். உங்கள் அமைப்புக் கோப்புகள் அடுத்த வாரமும் அப்படியே வேலை செய்யும் என்பதே வாக்குறுதி. ஓட்டைகள் குறைவாக இருக்கும் என்று யாரும் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. அந்த இரண்டாவது பொருளை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

அப்படியானால் அசையாத அந்த 9.2-இல் ஓர் ஓட்டை தெரியவந்தால் என்ன நடக்கிறது? மூல உருவாக்குநர்கள் தங்கள் புதிய வெளியீட்டில் அதைச் சரிசெய்வார்கள். வழங்கலின் (டெபியன் போன்று மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் அமைப்பின்) பாதுகாப்புக் குழு அந்தப் புதிய வெளியீட்டை அப்படியே எடுக்காமல், ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, பழைய நிரலுக்குப் பொருந்துமாறு திருத்தி ஒட்டும். பேக்போர்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதால் வருகிற குழப்பம் ஒன்றை நானே அனுபவித்தேன்.

2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச்சில் 'ரெக்ரெஷன்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை வெளியானது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது; சிவிஇ எனப்படும் பொது ஓட்டைப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-6387. 8.5 முதல் 9.7 வரையிலான வெளியீடுகள் பாதிக்கப்பட்டவை; 9.8-இல் சரிசெய்யப்பட்டது. அதே நாளில் டெபியனின் பாதுகாப்புத் திருத்தமும் வந்துவிட்டது, அன்றே நான் அதை நிறுவியும் விட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தணிக்கை அறிக்கை வந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்புக் கட்டத்தில்: 'ஓபன்எஸ்எஸ்எச் 9.2, மிகத் தீவிரம், உடனே 9.8-க்கு மேம்படுத்தவும்.' ஸ்கேனர் செய்தது இவ்வளவுதான்: 22-ஆம் எண் போர்ட்டைத் தட்டியது, சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு அனுப்பிய வரியைப் படித்தது, அதிலிருந்த எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த அறிமுக வரியிலேயே விடை இருந்தது. டெபியன் அனுப்பும் வரி '9.2பி1' என்பதோடு முடிவதில்லை, '9.2பி1 டெபியன்-2+டெப்12யு3' என்று நீள்கிறது. கடைசியில் இருக்கும் 'யு3' என்பது அந்தப் பதிப்பில் வந்த மூன்றாவது திருத்தம். ஓட்டையை அடைத்தது அதுதான். ஸ்கேனர் பாதி வரியோடு நின்றுவிட்டது.

பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து, அந்தச் சிவிஇ எண் இருக்கும் வரியைப் படமெடுத்து அனுப்பினேன். "எண் மாறவே இல்லையே சார், எப்படிச் சரியானது என்று எழுதுவது?" என்று தணிக்கை செய்தவர் தொலைபேசியில் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண் மாறினால்தான் திருத்தம் என்பது எல்லோருக்கும் இயல்பாகப் படுகிற எண்ணம். அந்த அறிக்கைக்கு அஞ்சி, டெபியன் 12-இல் மூல நிரலிலிருந்து 9.8-ஐ நானே தொகுத்து நிறுவியிருந்தால் அடுத்த கணமே அந்த மென்பொருள் பாதுகாப்புக் குழுவின் பொறுப்பிலிருந்து விலகியிருக்கும். அதன்பின் வரும் ஒவ்வோர் ஓட்டைக்கும் நானே விழித்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த ஓட்டையின் வரலாறும் நம் கேள்வியோடு தொடர்புடையது. 2006-இல் ஒருமுறை அடைக்கப்பட்ட ஓட்டைதான் இது. 2020 அக்டோபரில் நடந்த ஒரு நிரல் மாற்றத்தில் பழைய காவல் தவறுதலாக நீங்கி, 8.5 வெளியீட்டில் மீண்டும் நுழைந்தது. ஆகவே 8.4-ஐ வைத்திருந்த டெபியன் 11 தப்பியது. அதைவிடப் புதிய டெபியன் 12 மாட்டியது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோதும் இதே காட்சிதான்: இணையத் தகவலை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1 வரிசையில் நுழைந்த பிழை என்பதால், 0.9.8-இல் நின்றிருந்த டெபியன் 6 பாதிக்கப்படவில்லை, டெபியன் 7 பாதிக்கப்பட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 5.8 வெளியீட்டில் நுழைந்து, 2022 மார்ச்சில் மாக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட டர்ட்டி பைப் என்ற ஓட்டையும் 4.19 கெர்னல் வைத்திருந்தவர்களைத் தொடவில்லை.

இந்த மூன்றையும் அடுக்கிவைத்துப் பழையதே வென்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை: பிழை புதிதாக நுழைந்தது, பழையவர் அந்தக் கதவைத் தாண்டவே இல்லை. எல்லாப் பிழைகளும் அப்படிப் புதிதாக நுழைபவை அல்ல. 2016 அக்டோபரில் அடைக்கப்பட்ட டர்ட்டி கவ் என்ற ஓட்டை 2007-இன் 2.6.22 கெர்னலிலிருந்தே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் எல்லாப் பதிப்பிலும், நிலையானதிலும் புதியதிலும், ஒன்றுபோல உட்கார்ந்திருந்தது. இத்தகைய பிழைகளில் பழைய பதிப்பு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. திருத்தம் எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது என்பது மட்டுமே அங்கே கணக்கு.

பேக்போர்ட் என்ற ஏற்பாடு தோற்கும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிலையான பதிப்பை விரும்புகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. நானும் பல ஆண்டுகள் பேசாதவன்தான்.

பாதுகாப்புக் குழு ஒரு திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டுமானால், அது பாதுகாப்புத் திருத்தம் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூல உருவாக்குநர் நாள்தோறும் பல பிழைகளைச் சரிசெய்கிறார். அவற்றில் எது தாக்குதலுக்குப் பயன்படும் என்று அவருக்கே பல நேரங்களில் தெரியாது. லினக்ஸ் கெர்னலில் 2015 ஏப்ரலில் அப்படி ஒரு சிறு திருத்தம் சேர்க்கப்பட்டது. நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதியில் இருந்த பிழைக்கானது. அதைப் பாதுகாப்பு விவகாரமாக யாரும் குறிக்கவில்லை. புதிய கெர்னலுக்கு நகர்ந்தவர்களுக்கு அது தானாகக் கிடைத்தது. நீண்டகால ஆதரவுக்குப் பெயர்போன ரெட் ஹாட் 7, சென்ட்ஓஎஸ் 7 ஆகிய லினக்ஸ் வழங்கல்களின் கெர்னல்களோ, தேர்ந்தெடுத்த திருத்தங்களை மட்டும் ஏற்பவை என்பதால், அதைப் பெறவில்லை. 2017 செப்டம்பரில், அதே பிழையைக் கொண்டு சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், பெறலாம் என்று குவாலிஸ் காட்டியது, எண் சிவிஇ-2017-1000253. இரண்டரை ஆண்டுகள், திருத்தம் பொதுவெளியில் கிடந்தது. அதைத் தேடிப் படித்துப் பயன்படுத்தத் தெரிந்த எவருக்கும் அது ஒரு வரைபடம்.

கெர்னல் மேம்பாட்டாளர்களில் மூத்தவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான், திருத்தங்களைப் பொறுக்கி எடுக்காதீர்கள், நிலையான கெர்னல் வரிசையின் ஒவ்வொரு வெளியீட்டையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்திவருகிறார். 2024 பிப்ரவரி முதல் கெர்னல் குழுவே தன் பிழைகளுக்குச் சிவிஇ எண் வழங்கத் தொடங்கியது. பாதுகாப்பைத் தொடக்கூடும் என்று தோன்றும் எதற்கும் எண் கொடுப்பதால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் குவிகின்றன. எது முக்கியம், எது அற்பம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அது தலைவலி. முழு வரிசையையும் எடுப்பவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். நிலையான பதிப்புகள் எல்லாம் ஒரே முறையில் நடப்பதில்லை. டெபியன் 12-இன் கெர்னல் 6.1 என்ற நீண்டகால வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் மூல உருவாக்குநர்கள் வெளியிடும் திருத்தத் தொகுப்புகளை டெபியன் முழுதாகவே பின்தொடர்கிறது. கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள எண் ஏறிக்கொண்டே போகும். ரெட் ஹாட் 8-இன் கெர்னலோ 4.18 என்ற எண்ணிலேயே நிற்கிறது. மூல உருவாக்குநர்கள் அந்த 4.18-ஐக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது; உள்ளே நடப்பதெல்லாம் அந்த நிறுவனத்துப் பொறியாளர்களின் கைவேலை. அவர்கள் பெரிய குழு, திறமையான குழு. ஆனாலும் ஒன்று ஊரோடு சேர்ந்து நடப்பது, மற்றொன்று தனியாக நடப்பது. நிலையான பதிப்பு என்று ஒரே பெயரில் இரண்டையும் அழைத்துவிட்டு ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

பின்னோக்கி ஒட்டும் வேலையே புதிய ஓட்டையை உண்டாக்குவதும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டை வெளியானபோது, விண்டோஸ் 7-இன் 64-பிட் பதிப்புக்கு அளித்த திருத்தத்தில் ஒரு பிட் தவறாக அமைந்து, நினைவகப் பக்க அட்டவணைகளையே எந்தச் சாதாரண நிரலும் படிக்கலாம், எழுதலாம் என்றாகிவிட்டது. மெல்ட்டவுன் நினைவகத்தை மெதுவாகப் படிக்க மட்டுமே விட்டது. மருந்தோ படிக்கவும் எழுதவும் முழு வேகத்தில் விட்டது. உல்ஃப் ஃப்ரிஸ்க் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்து 2018 மார்ச்சில் வெளியிட்டார். விண்டோஸ் 8.1, 10 இரண்டுக்கும் இந்தப் பாதிப்பு இல்லை.

டெபியனின் சொந்தக் கதை இன்னும் பழையது. 2006-இல் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக, வழங்கலின் தரப்பில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகள் எடுக்கப்பட்டன. அந்த வரிகளோடு ரேண்டம் எண்களின் மூலமும் போய்விட்டது. எஞ்சியது செயல்முறையின் அடையாள எண் மட்டுமே. விளைவாக, ஒரே வகைக் கணினியில் ஒரே நீளச் சாவிக்கு மொத்தச் சாத்தியங்கள் 32,768-க்குள் அடங்கின. 2008 மே 13 வரை இது வெளிவரவில்லை. இந்தப் பிழை மூல நிரலில் இல்லை. டெபியன் திருத்திய நிரலில்தான் இருந்தது. எக்ஸ்இசட் சம்பவத்திலும் இதன் நிழல் உண்டு: ஓபன்எஸ்எஸ்எச் தானாக எக்ஸ்இசட்டின் நூலகத்தைத் தொடுவதில்லை. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காகச் சில வழங்கல்கள் தாங்களாகச் சேர்த்த ஒட்டு வழியாகத்தான் அந்த நூலகம் எஸ்எஸ்எச் சர்வருக்குள் வந்தது.

அடுத்து, பின்னோக்கிக் கொண்டுபோகவே முடியாதவை. ஓட்டையை அடைப்பது ஒன்று. ஓட்டை இருந்தாலும் நுழைவதைக் கடினமாக்கும் கட்டமைப்பு மாற்றம் மற்றொன்று. இரண்டாவது வகை மாற்றங்கள் நிலையான பதிப்புக்கு வருவதில்லை, ஏனெனில் அவை பிழைத்திருத்தம் அல்ல, புதிய வசதி. ஓபன்எஸ்எஸ்எச் 2022 ஏப்ரலில் வெளியிட்ட 9.0, எதிர்காலக் குவாண்டம் கணினிகளுக்கும் தாக்குப்பிடிக்கும் சாவிப் பரிமாற்றத்தை இயல்புநிலையாக்கியது. 8.4-இல் நிற்கும் டெபியன் 11 பயனருக்கு எத்தனை பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் அது இயல்புநிலையாக வராது. ஆப்பிள் இதை வெளிப்படையாகவே ஆவணத்தில் எழுதியிருக்கிறது: கட்டமைப்பு மாற்றங்களைச் சார்ந்திருப்பதால், அறியப்பட்ட எல்லாப் பாதுகாப்புச் சிக்கல்களும் மேக்ஓஎஸ்ஸின் முந்தைய பதிப்புகளில் சரிசெய்யப்படுவதில்லை. முந்தைய பதிப்புக்கும் திருத்தங்கள் வருகின்றன என்பதைப் பார்த்து, எல்லாம் வருகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

உலாவிகளில் டெபியன் இந்தப் பேக்போர்ட் ஏற்பாட்டைக் கைவிட்டதே ஒரு சாட்சியம். நிரலின் அளவும் ஓட்டைகளின் வேகமும் அப்படி. டெபியன் நிலையான பதிப்பே குரோமியத்தைப் புதிய வெளியீடாகவே எடுத்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸை நீண்டகால வரிசையில் அவ்வப்போது தாவவைக்கிறது. மாற்றமின்மையைக் கொள்கையாகக் கொண்டவர்களே, இணையத்தை நேரடியாகத் தொடும் மென்பொருளில் அந்தக் கொள்கையைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

இவற்றைப் படித்துவிட்டுப் புதிய பெரிய பதிப்பு வெளியான அன்றே தாவுகிறவர்களுக்காக மேக்ஓஎஸ் ஹை சியராவை நினைவூட்டுகிறேன். 2017 செப்டம்பர் 25 அன்று வெளியானது. நவம்பர் 28 அன்று உலகத்துக்குத் தெரியவந்தது: பயனர் பெயராக 'ரூட்' என்று அடித்து, கடவுச்சொல்லைக் காலியாக விட்டு, பொத்தானைச் சில முறை அழுத்தினால் முழு அதிகாரம் கிடைக்கும். முந்தைய சியராவில் இது இல்லை. மறுநாளே திருத்தம் வந்தது. ஆனால் இரண்டு மாதங்கள் அப்படித்தான் இருந்தது.

நிலையானதற்கும் புதியதற்கும் நடுவில் நிற்பது பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். என் கருத்தில் ஆகமோசமான இடம் அதுதான். டெபியனின் 'டெஸ்டிங்' கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ்கள் முதலில் சிட்டுக்கு வருகின்றன. அங்கே பொதுவாக 2 முதல் 10 நாள் வரை காத்திருந்து, சிக்கல் இல்லையென்றால் டெஸ்டிங்குக்கு நகர்கின்றன. சிட்டுக்கு மூல உருவாக்குநரின் திருத்தம் நேராக வருகிறது. நிலையான பதிப்புக்குப் பாதுகாப்புக் குழு உட்கார்ந்து ஒட்டித் தருகிறது. டெஸ்டிங்குக்கு இரண்டும் இல்லை. அந்தக் காத்திருப்பு ஓட்டைகளுக்கும் பொருந்தும். பெரிய நூலக மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தால், அதோடு பிணைந்த பேக்கேஜ்கள் வாரக்கணக்கில் நகராமல் நிற்கும். அடைபட வேண்டிய ஓட்டையும் அவற்றோடு நிற்கும். புதிய பிழைகளும் வரும், பழைய பிழைகளும் தாமதமாகப் போகும்.

நிலையான பதிப்புக்குள்ளேயும் இதுபோன்ற மங்கலான பகுதிகள் உண்டு. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாக்குறுதி 'மெயின்' தொகுதிக்கு உரியது. பேக்கேஜ்களில் மிகப் பெரும்பான்மை 'யூனிவர்ஸ்' தொகுதியைச் சேர்ந்தவை; உபுண்டு புரோ சந்தா சேர்க்காவிட்டால் அவற்றின் திருத்தம் சமூகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. டெபியனில் 'டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்' என்று ஒரு சிறு பேக்கேஜ் உண்டு. நீங்கள் நிறுவியவற்றில் எவற்றுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, எவற்றுக்கு வரம்புக்குட்பட்ட ஆதரவு என்று அது பட்டியலிடும். என் சர்வரில் முதன்முறை அதை ஓட்டியபோது, எப்போதோ ஒரு சோதனைக்காக நிறுவி மறந்துபோன இரண்டு பெயர்கள் வந்தன. அவற்றை நீக்கியது, அந்த ஆண்டு நான் பாதுகாப்புக்காகச் செய்த மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

திருத்தம் வருவதும், வந்த திருத்தம் இயந்திரத்தில் உயிர் பெறுவதும் வேறுவேறு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் தீநிரல் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான விண்டோஸ் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது; 59 நாள் இடைவெளி. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அன்று இன்னும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். அவற்றின் பதிப்பு சரியாகத்தான் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் திருத்தத்தை நிறுவவில்லை.

என் கதையும் அதற்கு அதிகம் தள்ளியில்லை. தானாகத் திருத்தம் நிறுவும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, பதிவேட்டில் ஓபன்எஸ்எஸ்எல் திருத்தம் நிறுவப்பட்டதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வேறு எதையோ தேடும்போது, ஓடிக்கொண்டிருந்த செயல்முறைகள் திறந்துவைத்திருக்கும் கோப்புகளின் பட்டியலை எடுத்தேன். மின்னஞ்சல் சேவையின் வரிகளில் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் பெயருக்கு எதிரே, அந்தக் கோப்பு வட்டிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது என்ற குறி. அதாவது புதிய நூலகம் வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. சேவையோ, நான்கு மாதங்களுக்கு முன்பு தொடங்கிய நாளில் நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய நூலகத்தையே பிடித்துக்கொண்டு ஓடியது. பேக்கேஜ் மேலாளரைக் கேட்டால் 'அடைக்கப்பட்டது' என்று சொல்லும். தாக்க வருபவன் பேக்கேஜ் மேலாளரைக் கேட்கப்போவதில்லை. இப்போது நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி, எந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. (2024 நவம்பரில் அந்தக் கருவியிலேயே, சாதாரணப் பயனரை ரூட் ஆக்கும் ஓட்டைகள் வெளியாயின, பத்தாண்டுகளாக இருந்தவை. சிரித்துக்கொண்டே திருத்தத்தை நிறுவினேன்.)

எனவே, பழையதா புதியதா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது, உங்கள் இயந்திரத்தில் திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பின்னால் யார் இருக்கிறார்கள், அவர் செய்யும் திருத்தம் எத்தனை நாளில் உங்கள் நினைவகத்தில் ஓடத் தொடங்குகிறது என்பதைத்தான். டெபியன் நிலையான பதிப்புக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும், தனிக்குழுவின் நீண்டகால ஆதரவு இரண்டு ஆண்டும் உண்டு. ஃபெடோராவின் ஒரு வெளியீட்டுக்கு ஏறத்தாழ 13 மாதம். ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டு, கடைசி இரண்டை மட்டும் கவனிக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேம்படுத்தும் ஒழுங்கு உள்ளவருக்கு ஓபன்பிஎஸ்டி அருமையான தேர்வு. ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துபோகிறவருக்கு அதே தேர்வு ஓராண்டில் திறந்த வீடு. ஆதரவுத் தேதி என்பதும் கல்லில் வெட்டியது அல்ல: 2029 வரை என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2020 டிசம்பரில் வந்த ஓர் அறிவிப்பால் 2021 டிசம்பர் 31 அன்றே முடிந்துபோனது.

என் சொந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சர்வர்களில் டெபியன் நிலையான பதிப்பு. புதிய பதிப்பு வந்தால் அன்றே தாவுவதில்லை, முதல் புள்ளி வெளியீடு, அதாவது திருத்தங்களின் முதல் தொகுப்பு, வந்து ஒரு மாதம் போகட்டும் என்று இருப்பேன், ஓராண்டைத் தாண்ட விடமாட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும்; கெர்னல் மாறினால் வார இறுதியில் ரீபூட். மூல நிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவியவை இரண்டுதான். அவற்றின் பெயர்களைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன், ஏனெனில் அவற்றுக்குப் பாதுகாப்புக் குழு நான்தான்.

மடிக்கணினியில் சிட்டை விட்டுவிட்டேன். எக்ஸ்இசட்டைப் பார்த்து அஞ்சி விட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நாள்தோறும் வரும் திருத்தங்களை நாள்தோறும் நிறுவினால்தான் சிட்டில் இருப்பதற்குப் பொருள் உண்டு. பயணங்களிலும் வேலை நெருக்கடியிலும் நான் மூன்று வாரம் வரை அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அந்தப் பின்கதவைப் பிடித்ததே, தன் சிட் கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்ததால்தான். அப்படிக் கவனிக்கிறவர்கள் சிட்டில் இருக்கட்டும். அவர்கள் இருப்பதால்தான் என் சர்வரில் 5.4.1 இருந்தது. நான் அரை நொடியைக் கவனிக்கிற ஆள் இல்லை.

ஒரே ஓர் இயந்திரம் மட்டும் இன்னும் டெபியன் 11-இல் இருக்கிறது. ரெக்ரெஷன் வந்தபோது 8.4-இன் புண்ணியத்தில் தப்பித்தது அதுதான். அதன் நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. அதில் ஓடும் பழைய பயன்பாடு ஒன்று டெபியன் 12-இன் பைத்தானோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் இதுவரை நான் சொல்லிவந்த காரணம். அந்தப் பயன்பாட்டின் நிரலைத் திறந்து பார்த்ததில், மாற்ற வேண்டியவை பதினேழு வரிகள்.